வன்னியில் அரசியலாளர் அடக்கத்தலங்கள்: உருத்திரபுரச் சூழலை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

ஒரு பிரதேசத்தின் அரசியல் வரலாற்றை எழுத முற்படுவோர் ஆட்சி அறிக்கைகளையும், சட்டசபை உரைகளையும், கட்சிப் பிரசுரங்களையும், பத்திரிகைகளையுமே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்வர். இறந்தோரின் அடக்கத்தலங்களைச் சான்றுகளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அரிதாகவே காணப்படுகின்றது. மேலைநாடுகள் சிலவற்றிலே, சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவிலே, மாவட்டந்தோறும் அடக்கம் செய்யப்பட்ட அரசியலாளரின் பெயர், அவர் வகித்த பதவி, அவர் கிடக்கும் இடுகாடு ஆகியவற்றைத் தொகுத்துப் பட்டியலிடும் முயற்சிகள் நடந்துள்ளன. மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொழுதுபோக்காளரின் முயற்சி போலத் தோன்றலாம். ஆயினும் எந்த வர்க்கத்தாருக்குக் கல் எழும்பியது, எவருக்கு எழும்பவில்லை என்னும் வினாவை அப்பட்டியல்களிடம் எழுப்பும்போது அவை சமூக வரலாற்றுக்குரிய மூலங்களாகி விடுகின்றன.

இத்தகைய பட்டியலொன்றைக் கிளிநொச்சிப் பகுதிக்குத் தயாரிக்க முற்பட்டால் என்ன கிடைக்கும்? இவ்வினாவை எழுப்புவதற்கு உருத்திரபுரம் பொருத்தமான ஒரு நிலைக்களனாகும். கிளிநொச்சி நகரின் மேற்குப் புறத்தே, இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிய வயல்களின் நடுவே அமைந்த குடியேற்றக் கிராமம் அது. உருத்திரபுரீச்சரம் எனப் போற்றப்படும் சிவாலயத்தின் சூழலிலே பழைய எச்சங்கள் காணப்படுவதனால் அதன் தொன்மை பற்றிய உரையாடல் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அண்மை ஆண்டுகளில் அவ்வாலய வளாகத்திலே தொல்லியல் திணைக்களம் அகழ்வு நடத்த முற்பட்டபோது ஊரார் அதனை எதிர்த்தமையும் நாமறிந்ததே. மண்ணுக்கடியில் இருப்பது எவருடைய கடந்தகாலம் என்னும் வினா அங்கு ஏட்டளவில் நிற்பதன்று. அக்கிராமத்துக்கு அயலிலே கனகபுரம் உளது. வன்னியின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய அடக்கத்தலங்களுள் ஒன்று அங்கேயே அமைந்திருந்தது. இன்று அங்கே காணப்படுவன உடைந்த கற்களின் குவியல்களும் மக்கள் மீளத் துப்புரவாக்கிய வெளியுமே.

இக்கட்டுரையிலே 'அரசியலாளர்' என்னும் சொல்லைப் பாராளுமன்ற உறுப்பினர் என்னும் குறுகிய பொருளிலன்றி, ஒரு நிலத்தின் ஆட்சியுரிமையைக் கொண்டிருந்தோர் அல்லது அதற்காகப் போட்டியிட்டோர் என்னும் விரிந்த பொருளிலேயே கையாளுகின்றோம். நாம் நிறுவ முற்படுவது ஒன்றே. வன்னியிலே ஓர் அரசியலாளருக்குக் கல்லறை நிலைப்பதை அவர் எவ்வளவு காலம் ஆண்டார் என்பதோ, மக்கள் அவரை எவ்வளவு நேசித்தனர் என்பதோ தீர்மானிக்கவில்லை. அவருக்குப் பின்னர் நிலம் எவர் கைக்குச் சென்றது என்பதே தீர்மானித்துள்ளது. எனவே இங்கு அடக்கத்தலத்தின் இன்மையும் அதன் இருப்பைப் போன்றே ஒரு வரலாற்றுச் சான்றாகின்றது.

2. தமிழர் மரபில் ஆள்வோரின் அடக்கம்

இறந்தோரைச் சுடுவதே தமிழரின், சிறப்பாகச் சைவரின், தொன்றுதொட்ட வழக்கம் எனும் கருத்து இன்று பரவலாக உள்ளது. சான்றுகள் இதனை முற்றாக ஆதரிப்பனவல்ல. சங்கச் செய்யுள்களிலே தாழியிற் கவித்தலும் ஈமத்தீயிற் சுடுதலும் ஒருங்கே பேசப்படுகின்றன. சுடுதல், இடுதல், குழியிலடைத்தல், தாழ்வயினடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐவகை வழக்குகள் ஒரே நகரின் புறங்காட்டில் நிலவியமையை மணிமேகலை காட்டுகின்றது. போரில் வீழ்ந்தோருக்குக் கல் தெரிந்து, நீர்ப்படுத்தி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிமுறையாக வகுத்துள்ளது. ஆகவே நடுகல் தனிமனிதரின் துயர்வெளிப்பாடாக மாத்திரம் இருக்கவில்லை. குழுவொன்று தன் நிலவுரிமையையும் ஆநிரை உரிமையையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் பொதுச் செயலாகவும் அது இருந்தது.

அரசுகள் வலுப்பெற்ற காலத்தில் நடுகல்லின் இடத்தை அரசகுலத்தைப் பொறுத்தவரையிற் பள்ளிப்படைக் கோயில்கள் பெற்றன. முதலாம் ஆதித்தனுக்குத் தொண்டைமானாற்றூரில் அவன் மகன் முதலாம் பராந்தகன் எடுப்பித்ததும், அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் முதலாம் இராசராசன் எடுப்பித்ததும் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இறந்த மன்னன் ஈசனோடு இணைக்கப்பட்டான். அத்தொடர்பினால் உயிரோடிருந்த மன்னனின் ஆட்சியுரிமை தெய்விகப்படுத்தப்பட்டது. நிலமானிய அமைப்பின் கருத்தியல் இதிலே தெளிவாக வெளிப்படுகின்றது எனலாம்.

ஈழத்தின் வடபகுதியைப் பொறுத்தவரையில், ஆள்வோன் ஒருவனுடையதெனக் கொள்ளத்தக்க தொன்மையான அடக்கம் ஆனைக்கோட்டையில் வெளிப்பட்டது. 1980இன் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கு நடத்திய அகழ்விலே, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமச்சூழலில், மனித எலும்புக்கூட்டுடன் ஒரு முத்திரை கிடைத்தது. அதன் ஒரு வரியிற் குறியீடுகளும் மறுவரியிற் பிராமி எழுத்துகளும் காணப்பட்டன. கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினதெனக் கருதப்படும் அவ்வெழுத்துகள் 'கோவேத' என வாசிக்கப்பட்டன. 'கோ' என்பது தலைவனைச் சுட்டும் சொல்லாகையால், அங்கு புதைக்கப்பட்டவன் ஒரு குறுநிலத் தலைவனாயிருத்தல் கூடும் எனக் கருதப்பட்டது. இவ்விளக்கம் ஏற்கப்படின், நம் பட்டியலின் முதற் பதிவு ஆனைக்கோட்டைக்கே உரியதாகும். அவனது பெயரை நமக்கு அறிவித்தது எந்தப் புராணமும் அன்று. அவன் கிடந்த குழியே அறிவித்தது. அடக்கத்தலங்கள் அழிவதனால் வரலாறு எதனை இழக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

3. தோற்றோரும் அவர்தம் கற்களும்

ஈழ வரலாற்றில் தோற்ற மன்னனின் சமாதி பற்றிய மிகப் பழைய செய்தி எல்லாளனைப் பற்றியது. போரில் எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் வணக்கம் செலுத்த விதித்தான் என்றும், பின்வந்த மன்னரும் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்திய முழக்கத்தை நிறுத்தினர் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. பௌத்த துறவியரால், வெற்றியாளனின் புகழுக்காக எழுதப்பட்ட நூலே தோற்றவனின் கல்லறைக்கு இத்துணை மதிப்பளித்துள்ளமை ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அச்சமாதியின் பிற்கால வரலாறும் நமக்குப் படிப்பினை தருவதாகும். அனுராதபுரத்தின் தெற்கேயுள்ள தட்சிண தூபியை மக்கள் நெடுங்காலமாக எல்லாளன் சமாதி என்றே வழங்கி வந்தனர். 1970களின் இறுதியில் அரசின் அனுசரணையுடன் அது துட்டகைமுனுவின் அஸ்தி வைக்கப்பட்ட இடமென மறுவிளக்கம் பெற்றது. இதனை மறுத்து, யாழ்ப்பாணத்து ஆய்வாளரான ஜேம்ஸ் தே. இரத்தினம் 1981இல் எல்லாளன் சமாதி பற்றித் தனியாக ஒரு நூலெழுதினார். தூபி எவருடையது என்னும் விவாதத்தின் தொல்லியல் நுணுக்கங்கள் ஒருபுறமிருக்க, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவனின் அடக்கத்தலம்கூட இருபதாம் நூற்றாண்டு அரசின் தேவைக்கேற்ப உரிமை மாறக்கூடும் என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது.

யாழ்ப்பாண அரசின் இறுதி மன்னனான சங்கிலியனுக்கு இம்மண்ணிற் கல்லறை இல்லை. 1619இல் அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் அவனைக் கோவைக்குக் கொண்டுசென்று 1623இல் கொன்றனர். மேலைக்கரைக் கோவாவே ஈண்டுக் கோவை எனப்பட்டது. ஆள்வோனை நாடுகடத்திக் கொல்வதன் பயன்களுள் ஒன்று, அவன் கிடக்குமிடத்தை மக்கள் கூடுமிடமாக விடாமற் செய்வதாகும்.

வன்னியைப் பொறுத்தவரையில், பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய பற்றுகளைத் திறைசெலுத்தியும் செலுத்தாதும் ஆண்ட வன்னிபங்களின் அடக்கத்தலங்கள் எனத் துணிந்து காட்டத்தக்கன நமக்கு எஞ்சவில்லை. ஒல்லாந்தர் 1782இல் வன்னியை நேரடியாகக் கைப்பற்றிய பின்னர் வன்னிமைகளின் நிலவுரிமை சிதைந்தது. கல்லை எழுப்பவும் காக்கவும் வல்ல ஒரு குடியும் அதனோடு சிதைந்தது.

இவ்வின்மையின் நடுவிலேயே கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் தனிமுக்கியத்துவம் பெறுகின்றது. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். இரண்டாவது நிகழ்ச்சியையே அக்கல் அறிவிக்கின்றது. வன்னியின் இறுதிக் குறுநில மன்னனின் பெயரைத் தாங்கிய அக்கல் அவனுக்காக நாட்டப்பட்டதன்று. அவனை வென்றவனுக்காக ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நாட்டப்பட்டது. அவன் எங்கே கிடக்கின்றான் என்பதை அது கூறுவதில்லை. ஆயினும் வன்னி மக்கள் வென்றவனின் கல்லைத் தோற்றவனின் நினைவிடமாக மாற்றிக்கொண்டனர். பிற்காலத்தில் அங்கு கூடியவர்கள் நினைவுகூர்ந்தது டிறிபேர்க்கை அன்று. ஒரு கல்லின் பொருளை அதில் வெட்டப்பட்ட எழுத்து மாத்திரம் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இவ்விடத்தில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய நிருவாகியைக் குறிப்பிடுதல் வேண்டும். வன்னி மாவட்டங்கள் பற்றி 1895இல் அவர் வெளியிட்ட கைந்நூல் இன்றும் வன்னி ஆய்வாளரின் அடிப்படை நூலாக விளங்குகின்றது. அவரே 1913இல் இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளையும் நினைவுச் சின்னங்களையும் தொகுத்துப் பெருநூலொன்றை வெளியிட்டார். கல் எழுப்பப்படாதோர் பற்றிய குறிப்புகளும் அதில் இடம்பெற்றன. எனினும் அந்நூலின் முதன்மையான கரிசனை ஐரோப்பியரைப் பற்றியதே. தேசாதிபதிகளும் கலெக்டர்களும் படைத்தலைவர்களும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் எங்கெங்கே கிடக்கின்றனர் என்பதை நாம் துல்லியமாக அறியலாம். அவர்களால் ஆளப்பட்ட வன்னியரின் தலைவர்கள் எங்கே கிடக்கின்றனர் என்பதை அறியமுடியாது. ஒரே ஆசிரியரின் இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்குவோருக்குக் குடியேற்ற ஆட்சியின் தன்மை தானே புலனாகும்.

4. வாக்குரிமைக் காலமும் சுடலையின் சாதியும்

1931இல் வயதுவந்தோர் வாக்குரிமை வந்த பின்னரும், 1947இல் பாராளுமன்றம் தோன்றிய பின்னரும், அரசியலாளர் என்னும் புதிய பிரிவினர் தலையெடுத்தனர். இவர்களுட் சைவர் பெரும்பாலும் தகனம் செய்யப்பட்டனர். சாம்பல் கீரிமலையிலோ பிற தீர்த்தங்களிலோ கரைக்கப்பட்டது. ஆகவே கல்லறை எழுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை. 1930இல் மறைந்த சேர் பொன்னம்பலம் இராமநாதனின் சமாதி மருதனார்மடத்தில் அவர் நிறுவிய இராமநாதன் கல்லூரி வளாகத்தில் அமைந்தமை இப்பொதுவிதிக்கு விலக்காகும். சொந்தமாக நிலமும் நிறுவனமும் உடையோருக்கே அத்தகைய விலக்கு இயல்வதாயிற்று.

கிளிநொச்சித் தொகுதி 1960இல் முதன்முறையாகத் தன் பிரதிநிதியைத் தெரிவு செய்தது. அவ்வாண்டின் இரு தேர்தல்களிலும் அ. சிவசுந்தரமும், 1965இல் கா. பொ. இரத்தினமும், 1970இலும் 1977இலும் வீ. ஆனந்தசங்கரியும் வென்றனர். இறுதி இருவரும் குடாநாட்டுப் பின்னணியினர். குடியேற்றத் திட்டங்களினால் உருவான புதிய சமூகம், தன் விவசாயிகளிடையேயிருந்து தலைவர்களைத் தோற்றுவிக்குமுன் வெளியிலிருந்தே தலைமையைப் பெற்றது. கிளிநொச்சி தனி மாவட்டமாக்கப்பட்டதும் 1984இலேயே. எனவே ஒரு தலைமுறைக்காலம் வரையில் இந்நிலத்தின் அரசியலாளர் இந்நிலத்தில் வாழ்ந்து மடிந்தவராயிருத்தல் அவசியமாக இருக்கவில்லை.

குடியேறியோர் தம்முடன் சடங்குகளைக் கொண்டுவந்தனர்; சாதியையும் கொண்டுவந்தனர். யாழ்ப்பாணச் சமூகத்தில் கோயிலைப் போலவே சுடலையும் சாதிவழிப் பிரிவுண்டிருந்தது. எவர் எங்கே சுடப்படலாம், எவர் பறையறையவேண்டும், எவர் விறகடுக்கவேண்டும் என்பன யாவும் நிலவுடைமை உறவுகளால் விதிக்கப்பட்டிருந்தன. வவுனியாத் தொகுதியின் முதற் பாராளுமன்ற உறுப்பினரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம், 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து முன்னின்றார். தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென முன்னரே குரலெழுப்பிய ஒருவர் தமிழருள் ஒரு பகுதியினருக்குக் கோயில் வாயிலை மறுத்தமை நம் தேசிய அரசியலின் உள்முரண்பாட்டைக் காட்டுவதாகும். இம்முரண்பாடு பழங்கதையாகி விடவுமில்லை. 2017இலும் புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள் தம் குடியிருப்புகளின் நடுவே அமைந்த மயானத்தை அகற்றக்கோரி நெடும்போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

தேசிய இயக்கம் இச்சடங்குமரபை ஓரளவு நெகிழச் செய்தமையையும் மறுக்கவியலாது. கிறித்தவரான சா. ஜே. வே. செல்வநாயகம் 1977 ஏப்ரல் 26இல் மறைந்தபோது அவரது உடல் யாழ்ப்பாண முற்றவெளியில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் தகனம் செய்யப்பட்டது. பின்னர் அவ்விடத்தருகே நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. குடும்பத்துக்கோ சமயத்துக்கோ சாதிக்கோ உரிய சுடலையை விட்டு நகரின் பொதுவெளிக்கு ஓர் அரசியலாளரின் ஈமம் வந்தமை குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

தமிழகத்திலும் இதனையொத்த, ஆனால் வேறு திசையிலான, மாற்றமொன்று நிகழ்ந்தது. இராசாசியும் காமராசரும் தகனம் செய்யப்பட்டனர்; அவர்களின் நினைவிடங்கள் கிண்டியில் உள்ளன. பகுத்தறிவு இயக்க மரபில் வந்தோரோ புதைக்கப்பட்டனர். 1969இல் அண்ணா மெரீனாக் கடற்கரையிலும் 1973இல் பெரியார் தம் இயக்கத்தின் திடலிலும் அடக்கம் செய்யப்பட்டனர். வைதிகச் சடங்கு மறுப்பாகத் தொடங்கியது, 1987இல் எம். ஜி. ஆரும் 2016இல் செயலலிதாவும் அக்கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டபோது ஆட்சிப்பீடத்தின் அடையாளமாக மாறிவிட்டது. 2018 ஓகஸ்டில் கருணாநிதிக்கு அவ்விடம் மறுக்கப்பட்டு, பின்னர் உயர்நீதிமன்றத் தீர்ப்பினாற் கிடைத்தது. வழக்காடிப் பெறவேண்டிய அரசியற் சொத்தாக அடக்கத்தலம் ஆகிவிட்டமைக்கு அவ்வழக்கு சான்று.

5. கனகபுரம்

வன்னியில் அடக்கமுறையையே மாற்றியது விடுதலைப் புலிகளின் காலமாகும். தொடக்கத்தில் அவ்வியக்கத்தின் உறுப்பினரும் வழக்கம்போல் தகனம் செய்யப்பட்டனர். 1989 நவம்பர் 27இல் முதலாவது மாவீரர் நாள் நினைவுகூரப்பட்டது. 1991 அளவிலிருந்து இறந்த போராளிகளைப் புதைக்கும் வழக்கம் நிலைபெற்றது. இடுகாடு 'துயிலும் இல்லம்' எனவும், உடல் 'வித்துடல்' எனவும், புதைத்தல் 'விதைத்தல்' எனவும் பெயர்பெற்றன. உடல் கிடைத்தோருக்குக் கல்லறையும் கிடையாதோருக்கு நினைவுக்கல்லும் அமைக்கப்பட்டன. உழவுத் தொழிலின் சொல்லும் சங்ககால நடுகல்லின் நினைவும் கிறித்தவ இடுகாட்டின் அமைப்பும் இதில் ஒன்றிணைந்தன.

சமூகவியல் நோக்கில் இம்மாற்றத்தை இருமுகமாக மதிப்பிடல் வேண்டும். ஒருபுறம், சாதிவழிப் பிரிந்த சுடலைகளின் நாட்டிலே, சமய சாதி வேறுபாடின்றி ஒரே அளவான கல்லறைகள் வரிசையாக அமைந்தமையும், பெண்கள் ஈமக்களத்துக்குச் சென்று விளக்கேற்றியமையும் அற்பமான நிகழ்ச்சிகளல்ல. ஒரு கூலி விவசாயியின் மகனுக்கும் உத்தியோகத்தரின் மகனுக்கும் ஒரே கல் கிடைத்தது. மறுபுறம், அச்சமத்துவம் சாவில் மட்டுமே கிடைத்த சமத்துவமாகும். மேலும் இளையோரைப் போருக்கு அழைக்கும் கருவியாகவும் அவ்விடங்கள் பயன்பட்டன. இறுதிக் காலத்திற் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளும் அவ்வரிசைகளிற் கிடந்தனர் என்பதை ஆய்வாளர் மறைத்தல் தகாது.

கிளிநொச்சி அவ்வியக்கத்தின் நிருவாகத் தலைநகராக விளங்கிய காலத்திற் கனகபுரம் துயிலும் இல்லமே பிரதான அடக்கத்தலமாயிற்று. நம் பட்டியலுக்குரிய பதிவுகளுள் முதன்மையானது சு. ப. தமிழ்ச்செல்வனுடையது. அரசியற்றுறைப் பொறுப்பாளராகவும் பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவராகவும் விளங்கிய அவர், 2007 நவம்பர் 2இல் கிளிநொச்சியில் விமானக் குண்டுவீச்சிற் கொல்லப்பட்டு, அம்மாதத்திலேயே கனகபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பன்னாட்டுத் தூதுவர்கள் வந்து கைகுலுக்கிச் சென்ற ஓர் அரசியலாளரின் கல்லறை அது.

2009 சனவரி 2இல் அரசபடைகள் கிளிநொச்சியைக் கைப்பற்றின. அதன் பின்னர் கனகபுரம் உட்பட வன்னியின் துயிலும் இல்லங்கள் இயந்திரங்களால் இடித்து மட்டமாக்கப்பட்டன. வேறு சிலவற்றின்மீது இராணுவ முகாம்கள் அமைந்தன. 1990களின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டுச் சமாதான காலத்தில் மீளக்கட்டப்பட்ட கோப்பாய் இல்லம் மீண்டும் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் 2011இல் திறக்கப்பட்டது. தமிழ்ச்செல்வனுக்குப் பின் அரசியற்றுறையைப் பொறுப்பேற்ற பா. நடேசன் 2009 மே 18இல் கொல்லப்பட்டார். அவருக்கு அடக்கத்தலம் இல்லை. இயக்கத் தலைவரின் உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் கடலிற் கரைக்கப்பட்டதென இராணுவத்தரப்பு அறிவித்தது. போர்த்துக்கேயர் கோவாவிற் கையாண்ட முறைக்கும் இதற்கும் இடையிலுள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. கூடுமிடம் தோன்றலாகாது என்பதே இரண்டின் உட்கருத்துமாகும்.

கனகபுரத்தில் இடிக்கப்பட்டவை ஓர் இயக்கத்தின் சின்னங்கள் மாத்திரமல்ல. அவை தாய்மாரின் பிள்ளைகளுடைய கல்லறைகள். 2016 நவம்பரில் மக்கள் அவ்வெளியைத் துப்புரவாக்கி, சிதறிய கற்களைக் குவித்து, விளக்கேற்றினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது தடைகளினூடாகவும் தளர்வுகளினூடாகவும் தொடர்ந்தது. தம் பிள்ளை கிடந்த இடத்தை அடியளந்து கண்டுபிடிக்க முயலும் முதியோரை அங்கு காணலாம்.

6. பட்டியலில் விடுபடக்கூடாதவர்கள்

ஆயினும் அரசின் செயலை மாத்திரம் கூறி நிறுத்துவது அரைகுறையான வரலாறாகும். தமிழ் அரசியலாளர் பலரைக் கொன்றோர் தமிழரே. 1975 சூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1985 செப்தெம்பரில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்களான வி. தர்மலிங்கமும் மு. ஆலாலசுந்தரமும் கொல்லப்பட்டனர். அக்கொலை வேறோர் இயக்கத்தின்மீது சாட்டப்பட்டது. 1986இல் சிறீ சபாரத்தினமும், 1989 சூலை 13இல் அ. அமிர்தலிங்கமும் வெ. யோகேசுவரனும், 1990 சூன் 19இல் சென்னையில் க. பத்மநாபாவும் தோழர் பலரும், 1998 மே 17இல் யாழ்ப்பாண மேயர் சரோசினி யோகேசுவரனும் புலிகளாற் கொல்லப்பட்டனர். புலிகளின் ஆட்சிக்காலத்து வன்னியில் இவர்களுள் எவருக்கும் பொதுவெளியில் அஞ்சலி செலுத்த இடமிருக்கவில்லை. அவ்வியக்கத்தின் சிறைகளில் மடிந்த பெயரறியாதோருக்குக் கல் எழவுமில்லை. தன் ஆளுகையிலுள்ள நிலத்தில் எவர் நினைவுகூரப்படலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஒவ்வோர் அதிகாரமும் தனக்கென எடுத்துக்கொண்டது.

பெயருடைய கல்லறைகளுக்குப் புறம்பாக, பெயரற்ற குழிகளும் உள. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 சூனில் நீர்க்குழாய்க்கு மண் அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 சூலையில் அகழ்வு நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் ஆண்டுகள் பலவாக நீடித்தது. அவர்கள் கேட்பது கல்லறையன்று. கல்லறை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன் அறியவேண்டிய உண்மையை.

7. தென்னிலங்கையோடு ஓர் ஒப்புநோக்கு

தென்னிலங்கையிலே ஆளும் குடும்பங்களின் அடக்கத்தலங்கள் அரசின் பேணுகையைப் பெற்றன. 1959இல் கொலையுண்ட எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஹொறகொல்லைச் சமாதி அவற்றுள் முதன்மையானது. 2000இல் மறைந்த சிறிமாவோவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அம்பாந்தோட்டை மெதமுலனையில் டி. ஏ. இராசபக்சவுக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமோ வேறொரு கதையைக் கூறும். அதற்காக 3 கோடியே 39 இலட்சம் ரூபா பொதுநிதி முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதென 2018இல் வழக்குத் தொடரப்பட்டது. எதிரிகளுள் ஒருவர் 2019இல் சனாதிபதியான பின் அவர்மீதான நடவடிக்கை நிறுத்தப்பட்டது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 மே 9இல் சினமுற்ற மக்கள் அச்சின்னத்தை உடைத்தனர். வடக்கிற் கல்லறைகளை இடித்த காலத்தில் அதிகாரத்திலிருந்த குடும்பத்தின் நினைவிடமும் இவ்வாறு தப்பவில்லை. இதனைப் பழிக்குப் பழியெனக் கொண்டு மகிழ்வது அறிவுடைமையன்று. மக்களிடமிருந்து அந்நியப்பட்ட அதிகாரம் எழுப்பும் கல்லுக்கு அவ்வதிகாரத்தின் ஆயுளே ஆயுள் என்பதே கொள்ளத்தக்க பாடம்.

மக்கள் விடுதலை முன்னணியின் அனுபவம் நமக்கு இன்னும் அண்மையது. அதன் தலைவர் றோகண விஜயவீர 1989 நவம்பர் 13இல் தடுப்புக்காவலிற் கொல்லப்பட்டுப் பொறளையில் எரிக்கப்பட்டார், கல்லறை இல்லை. ஆயினும் பின்னாளில் அவ்வியக்கத்தினர் ஆண்டுதோறும் அந்நாளைக் கொழும்பில் வெளிப்படையாக நினைவுகூர முடிந்தது. அரசுக்கெதிராக இருமுறை ஆயுதமேந்திய ஓர் இயக்கம் தன் இறந்தோரை நினைவுகூர்ந்தவாறே பாராளுமன்றத்துக்கு வந்து, 2024இல் ஆட்சியையும் பெற்றது. நினைவுகூரலை அனுமதித்தமையால் நாடு பிளவுபடவில்லை. இவ்வனுபவத்தை உடையோர் ஆளும் காலத்தில், ஒரே நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் இறந்தோருக்கு இருவேறு நீதி நிலவுவதை எந்தத் தர்க்கத்தினாலும் நியாயப்படுத்தல் இயலாது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வன்னியில் அரசியலாளர் அடக்கத்தலங்களின் வரலாறு நிலவுரிமையின் வரலாற்றிலிருந்து பிரிக்கமுடியாதது. வன்னிபங்களுக்குக் கல் இல்லாமையும், பண்டாரவன்னியனின் பெயர் வென்றவனின் கல்லிற் பொறிக்கப்பட்டமையும், கனகபுரம் இடிக்கப்பட்டமையும் ஒரே விதியின் வெவ்வேறு வெளிப்பாடுகளாகும். இரண்டாவது, கல்லை அழிப்பதனால் நினைவு அழிவதில்லை. மாறாக, ஆராய்ச்சிக்குரிய சான்று அழிந்து, அதன் இடத்தை ஐதிகம் நிரப்புகின்றது. 2021 சனவரி 8இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவோடிரவாக இடிக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி, மாணவரின் போராட்டத்தால் அவ்வாண்டு ஏப்ரலிலேயே மீண்டும் எழுந்தது. மூன்றாவது, இறந்தோரை நினைவுகூரும் உரிமையும் அவர்தம் அரசியலை ஏற்றுக்கொள்வதும் வெவ்வேறானவை. முன்னதை அனைவருக்கும் வழங்கும்போதே பின்னதைப் பற்றி அச்சமின்றி விவாதிக்கும் சூழல் உண்டாகும்.

எனவே நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்று மாணவர் செய்யத்தக்க பணியொன்று உளது. லூயிஸ் ஐரோப்பியருக்குச் செய்ததை, வன்னியின் ஊர்கள்தோறும், எல்லாத் தரப்பாருக்கும் செய்தல் வேண்டும். எவர் எங்கே சுடப்பட்டார், எங்கே புதைக்கப்பட்டார், கல் எப்போது எழுந்தது, எப்போது எவரால் வீழ்ந்தது என்பன குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மதிப்பளித்துப் பதியப்படல் வேண்டும். அப்பதிவேட்டிலே தமிழ்ச்செல்வனுக்கும் அமிர்தலிங்கத்துக்கும் பத்மநாபாவுக்கும் துரையப்பாவுக்கும் ஒரே அளவான வரிகள் ஒதுக்கப்படல் வேண்டும். இடித்தோரின் பெயர் எழுதப்படும் பக்கத்திலேயே கொன்றோரின் பெயரும் எழுதப்படல் வேண்டும். உருத்திரபுரத்து முதியோரின் நினைவில் இன்று எஞ்சியுள்ள செய்திகள் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆதலின் இப்பணி காலந்தாழ்த்தாது தொடங்கப்பட வேண்டியதாகும்.